ஓடைக்கரையும் வெள்ள வரைபடமும்

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமாதலால், மூணாறு அப்பெயர் பெற்றது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில் உள்ள இம்மலையூரின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உழைத்து வருகின்றன.

1924 ஜூலையில் பெய்த பெருமழையால் மூணாறு பேரழிவைச் சந்தித்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை அடித்துச் செல்லப்பட்டது. அது மீண்டும் அமைக்கப்படவே இல்லை. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால், அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று கேரள மக்கள் இன்றும் கூறுவர். 94 ஆண்டுகளுக்குப் பின், 2018 ஆகஸ்டில் பழைய மூணாறு மீண்டும் நீரில் மூழ்கியது. உடுமலைப்பேட்டைச் சாலையிலிருந்த பெரியவாரைப் பாலமும் இடிந்தது.

அடுத்த பெருவெள்ளம் எந்த ஆண்டில் வரும் என்று இன்றே கூற இயலாது. ஆனால், வந்தால் நீர் எதுவரை ஏறும் என்பதைக் கணக்கிட இயலும். அக்கணக்கே நீரியக்க மாதிரி எனப்படும்.

கணக்கிடும் முறை

முதலில், பெருமழையின்போது ஓடைக்கு எவ்வளவு நீர் வந்து சேரும் என்று மதிப்பிடுவர். 4 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள ஓடையில் நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால், ஒவ்வொரு நொடியும் 8 கன மீட்டர், அதாவது 8,000 லிட்டர் நீர் கடந்து செல்லும். அதைவிட மிகுதியாக நீர் வந்தால், மட்டம் உயர்ந்து கரையைக் கடக்கும்.

அடுத்து, ஓடையின் குறுக்கே பல இடங்களில் அகலத்தையும் ஆழத்தையும் அளப்பர், சரிவையும் குறிப்பர். பிறகு படுகையின் சொரசொரப்பைக் கணிப்பர். அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மானிங் பெயரால் வழங்கும் சூத்திரத்தில், வழவழப்பான சிமென்ட் கால்வாயின் சொரசொரப்பு எண் சுமார் 0.013; கல்லும் செடியும் நிறைந்த மலையோடைக்குச் சுமார் 0.05. ஒரே சரிவும் ஆழமும் வடிவமும் இருப்பினும், ஓடையில் நீரின் வேகம் கால்வாயில் உள்ளதில் ஏறத்தாழக் கால்பங்கே ஆகும். பாலத்தடியில் மரக்கிளைகள் சிக்கினால், அதன் மேற்புறத்தில் நீர் மேலும் உயரும்.

இவ்வளவுகளைக் கொண்டு கணினி ஒவ்வோரிடத்திலும் நீர்மட்டத்தைக் கணக்கிடும். அமெரிக்க இராணுவப் பொறியாளர் பிரிவு உருவாக்கிய 'ஹெக்-ராஸ்' என்னும் மென்பொருள் இதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. அம்மட்டத்தை நிலத்தின் உயரத்தோடு ஒப்பிட்டால், மூழ்கும் பகுதிகள் வரைபடத்தில் தெரியும். மூணாற்றுச் சரிவுகளில் நீர் விரைந்து உயரும். பாலக்காட்டுச் சமவெளியில் கல்பாத்தி ஆறு கரை கடந்தால் அகன்று பரவும். ஆகவே, ஓர் ஊரின் வரைபடம் மற்றோர் ஊருக்குப் பயன்படாது.

நூறாண்டு வெள்ளம்

'நூறாண்டு வெள்ளம்' என்பது நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் வெள்ளம் அன்று. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். ஒருவர் 30 ஆண்டுகள் அக்கரையில் வாழ்ந்தால், அவர் அதனைக் காண்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26 ஆகும்.

மக்களின் பங்கு

கணினி தரும் விடை சரியா என்பதை எவ்வாறு அறிவது? சிற்றோடைகள் பலவற்றில் நீர் அளக்கும் கருவிகள் இல்லை. அங்கே, 2018இல் வீட்டுச் சுவரில் பதிந்த சேற்றுக்கோடும், வாசலில் எத்தனையாவது படிவரை நீர் ஏறியது என்னும் முதியோர் நினைவும் சான்றுகளாகின்றன. கணக்கிட்ட மட்டம் அவற்றோடு பொருந்தாவிடில், பொறியாளர் மாதிரியைத் திருத்துவர்.

சுவருக்கு வெள்ளையடித்தால் அக்கோடு மறைந்துவிடும். அதற்கு முன் உயரத்தை அளந்து, நாளுடன் எழுதி வைத்தல் நன்று. மழை கடுமையாகும் இரவில் எந்த லயத்தினர் முதலில் வெளியேற வேண்டும், எந்தப் பள்ளிக்கூடம் நீர் எட்டாத இடத்தில் உள்ளது என்பவற்றை முன்னரே முடிவு செய்ய அவ்வளவு உதவும்.

சிந்தித்து எழுதுக

1. ஓர் ஊரின் வெள்ள வரைபடம் மற்றோர் ஊருக்குப் பயன்படாதது ஏன்?
2. உம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவரிடம் அவர் கண்ட வெள்ளத்தைப் பற்றிக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.