டிரிகரை மாற்றினால் பத்து விழுமா?

2022 ஜூலையில் திருச்சி கே.கே. நகர் ஆயுதப்படை மைதானத்தில் உள்ள ரைபிள் கிளப்பில் 47-ஆவது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. போட்டியாளராக வந்தவர்களில் நடிகர் அஜித்குமாரும் ஒருவர். ரசிகர் கூட்டத்தைச் சமாளிக்கப் போலீசார் திணறினார்கள். அவர் மாடியில் ஏறி நின்று கையசைக்க வேண்டியதாயிற்று. பதக்கங்களோடு ஊர் திரும்பினார். வாசலில் நின்ற கூட்டம் அவர் முகத்தைப் பார்த்ததோடு சரி. உள்ளே பதக்கத்தை முடிவு செய்தது ஒரு விரலின் முதல் கணுவும் அது அழுத்திய சில நூறு கிராமும்தான்.

அந்தச் சில நூறு கிராமைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கைலாசபுரத்திலிருந்தோ ஸ்ரீரங்கத்திலிருந்தோ பிள்ளையை ஏர் ரைபிள் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி இது: "பக்கத்துப் பையன் நல்ல டிரிகர் வச்ச துப்பாக்கியில சுடுறான், நம்ம துப்பாக்கிக்கும் டிரிகரை மட்டும் மாத்திடலாமா?" இணையத்தில் தேடினால் வந்து குவிவதெல்லாம் அமெரிக்கக் கதை. அங்கே ஏ.ஆர்.15 வகை அரைத்தானியங்கித் துப்பாக்கிக்கு டிம்னி, கைஸ்லி போன்ற நிறுவனங்களின் டிரிகரைத் தனியாக வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். டிம்னி 1946-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது.

நமக்கு அந்தக் கதை பொருந்தாது. அரைத்தானியங்கி ரைபிள்கள் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி தடைசெய்யப்பட்ட வகையில் வருகின்றன. சாதாரண உரிமத்தில் கிடைக்காது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்னும் ஆழமாகப் போகிறது. 'ஆயுதம்' என்பதற்குள் அதன் உதிரிபாகத்தையும் சேர்த்துவிடுகிறது. தடைசெய்யப்பட்ட ஆயுதங்களில் முக்கியமான ஒரு வகையை டிரிகரை வைத்துத்தான் வரையறுக்கிறது: டிரிகரில் அழுத்தம் இருக்கும்வரை, அல்லது தோட்டா தீரும்வரை, தொடர்ந்து சுடும்படி அமைந்த துப்பாக்கி அது. அமெரிக்கச் சட்டமும் டிரிகரைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. அங்கே வார்த்தை கொஞ்சம் வேறு, டிரிகரின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டு வந்தால் இயந்திரத் துப்பாக்கி. 2017-இல் லாஸ் வேகஸ் படுகொலைக்குப் பிறகு தடைசெய்யப்பட்ட 'பம்ப் ஸ்டாக்' என்ற துணைக்கருவியை, இந்த ஒரு வரிக்குள் அது வராது என்று சொல்லி 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் விடுவித்தது.

ஆக, திருச்சியில் டிரிகரை மாற்றும் கேள்வி பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைபிளையும் ஏர் பிஸ்டலையும் பற்றியது. 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

டிரிகரின் வேலை சொல்வதற்குச் சுலபம். அடைபட்ட காற்றையோ சுருங்கிய ஸ்பிரிங்கையோ ஒரு சிறு எஃகு நுனி பிடித்து வைத்திருக்கிறது; துப்பாக்கிக்காரர்கள் அதைச் 'சியர்' என்பார்கள். விரல் அழுத்த அழுத்த அந்த நுனி விலகி, ஒரு கணத்தில் பிடி விட்டுப்போகும். நல்ல போட்டித் துப்பாக்கிகளில் இது இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் விரல் லேசாக உள்ளே போகும். பிறகு சுவர் மாதிரி ஓர் இடத்தில் நிற்கும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் குண்டு போய்விடும். அந்தச் சுவருக்கும் வெடிப்புக்கும் இடையே டிரிகர் இழுபட்டு நகர்ந்தால் அது குறை. வெடித்த பிறகும் டிரிகர் பின்னால் ஓடினால் அதுவும் குறை, ஏனென்றால் குண்டு இன்னும் குழாயை விட்டு வெளியேறியிருக்காது.

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். டிரிகரை வெடுக்கென்று இழுத்ததில் குழாயின் முனை அரை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று வையுங்கள். தோளிலிருந்து முனைவரை ஏறக்குறைய 80 செ.மீ. இலக்கு 10 மீட்டரில் இருக்கிறது. அங்கே அந்த அரை மில்லிமீட்டர் ஆறு மில்லிமீட்டராகிவிடும். ஏர் ரைபிள் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே இரண்டரை மில்லிமீட்டர். குண்டின் பருமனையும் சேர்த்துப் பார்த்தால்கூட பத்து எட்டாகிவிட்டது. தகுதிச் சுற்று 60 குண்டு. பத்து முறை இப்படி நடந்தால் இறுதிச் சுற்றைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம்.

இதைப் படித்ததும் டிரிகர் எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். சர்வதேச விதிகளும் ஏர் ரைபிளுக்குக் குறைந்தபட்ச எடை எதுவும் வைக்கவில்லை; கைதேர்ந்தவர்கள் 100 கிராமுக்கும் கீழே வைத்துச் சுடுகிறார்கள். ஆனால் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம், 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைபிளுக்கு 1,500 கிராம் என்று கீழ் வரம்பு உண்டு. அளக்கும் முறையில் ஏமாற்ற இடமில்லை. குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, டிரிகரில் எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள். கல் தரையை விட்டு மேலே எழும்வரை டிரிகர் பிடித்து நிற்க வேண்டும். மூன்று முயற்சிக்குள் நிற்காவிட்டால் தேறாது. போட்டி முடிந்த பிறகும் சோதிப்பார்கள். அங்கே தவறினால் தகுதிநீக்கம்தான். பிஸ்டல்காரர்கள் சரியாக 500-இல் வைக்காமல் சற்றே கூட்டி வைப்பது இதனால்தான்.

தொடக்கப் பயிற்சியில் இருப்பவருக்கு மிக லேசான டிரிகர் கெடுதல் என்பது என் கருத்து. விரல் இன்னும் பழகவில்லை. எப்போது அழுத்துகிறோம் என்ற உணர்வு வருவதற்கு முன்பே குண்டு போய்விடும். அப்புறம் அந்த அதிர்ச்சியை எதிர்பார்த்தே உடம்பு இறுகத் தொடங்கும். அந்தப் பழக்கத்தை உதறுவது ஒரு டிரிகரை வாங்குவதைவிடப் பெரிய செலவு.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சபலமும் உண்டு. 1960-களின் நடுவில் பெல் கொதிகலன் ஆலை வந்ததிலிருந்து கைலாசபுரத்தில் ஃபைல் பிடிக்கத் தெரியாத குடும்பம் அபூர்வம். திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் லேத் பட்டறைக்கும் பஞ்சமில்லை. கொதிகலன் குழாயில் நூல் பிசகாமல் வேலை பார்த்தவருக்கு ஒரு சியர் எம்மாத்திரம்? கொஞ்சம் தேய்த்துவிட்டால் வழுவழுப்பாகிவிடும் என்று கை துறுதுறுக்கும். தேய்த்தால் வழுவழுப்பாகத்தான் ஆகும். சிக்கல் அதற்குப் பிறகு. பல சியர்களின் உரசும் முகத்துக்கு மேல்பரப்பில் மட்டும் மெல்லிய கடினப்படலம் ஏற்றியிருப்பார்கள். ஃபைல் அதைச் சுரண்டிவிட்டால் உள்ளே மென்மையான எஃகு. முதல் சில நூறு குண்டுகளுக்கு அருமையாக வேலை செய்யும், பிறகு நுனி தேய்ந்து, ஒரு நாள் விரல் படாமலே பிடி விட்டுப்போகும். வெப்பச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் தன் எக்ஸ்-மார்க் புரோ டிரிகர் பொருத்திய ரைபிள்களைத் திரும்ப வரவழைத்தது. பாகங்களைக் கோக்கும்போது ஒட்டுப்பசை சற்று அதிகமாகிவிட்டது, அதனால் துப்பாக்கி தானாக வெடிக்கக்கூடும் என்பதுதான் காரணம். ஆலையிலேயே ஒரு சொட்டுப் பசை இவ்வளவு செய்தால் பட்டறையில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். உரிமம் தேவைப்படும் .22 போன்ற துப்பாக்கியாக இருந்தால் கேள்வியே இல்லை: பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். அது இல்லாத பட்டறைக்காரரும் கொடுத்தவரும் சேர்ந்தே மாட்டுவார்கள்.

திருவெறும்பூர் வட்டாரத்திலேயே லேசான டிரிகரின் மறுபக்கத்தையும் பார்க்கலாம். 1966-இல் தொடங்கி, 2021 அக்டோபர் முதல் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனத்தின் கீழ் இயங்கும் திருச்சி படைக்கலத் தொழிற்சாலை 'டார்' எனப்படும் திருச்சி அசால்ட் ரைபிளைச் செய்கிறது. அது ஏ.கே. குடும்பத்தைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட துப்பாக்கியில் டிரிகரைக் கனமாக வைப்பது தெரிந்தே செய்வது. சேற்றில் விழும், வண்டியிலிருந்து உருளும், பதற்றத்தில் விரல் படும், எதற்கும் அசையக்கூடாது. அமெரிக்க ராணுவத்தின் எம்4 துப்பாக்கியில் இரண்டரைக் கிலோவிலிருந்து நான்கு கிலோவுக்கு மேல்வரை அழுத்தம் அனுமதி. ஒரு சிப்பாயின் டிரிகரும் ஒரு மாணவியின் டிரிகரும் ஒரே குணத்தோடு இருக்கவே முடியாது. இணையத்தில் ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு மற்றதற்கு வாங்குவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

சரி, எதைத்தான் செய்வது? வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர் போன்ற போட்டித் துப்பாக்கி கையில் இருந்தால் மாற்றத் தேவையே இல்லை. எடை, முதல் கட்டத்தின் நீளம், நிற்கும் இடம், டிரிகர் நாக்கின் சாய்வு எல்லாவற்றுக்கும் திருகு உண்டு. பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், கால் சுற்றாகத் திருப்பி, எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நாக்கு விரலின் முதல் கணுவில் நேராக உட்கார்ந்தாலே பலருக்குப் பாதிக் குறை தீர்ந்துவிடும். குழாயை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் தொடக்கநிலைத் துப்பாக்கி என்றால் டிரிகரில் காசு போடாதீர்கள். சுடும்போது அதன் ஸ்பிரிங் துப்பாக்கியையே உலுக்குகிறது, டிரிகர் அதை என்ன செய்துவிடும்? அந்தப் பணத்தை ஒரே தரமான குண்டுக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் கொடுக்கலாம்.

மின்னணு டிரிகர் பற்றியும் கேட்கிறார்கள். அதில் அழுத்தம் ஒரே சீராக இருக்கும், உண்மைதான். ஆனால் மின்கலமும் சர்க்யூட்டும் கூடவே வரும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டலில் காக்கிங் லீவர் உடைந்து, சர்க்யூட்டும் சிக்கல் தந்து, போட்டி நேரத்தில் கணிசமான பகுதி வீணாகி, இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. 2024-இல் பாரிசில் அவர் இரண்டு வெண்கலம் வென்றது வேறு கதை. மாற்றுத் துப்பாக்கி கையில் இல்லாத மாவட்ட வீரருக்கு மெக்கானிக்கல் டிரிகரே போதும்.

காசே செலவாகாத ஒரு பயிற்சியும் இருக்கிறது: குண்டு போடாமல் வெற்றுச் சுவரைக் குறிபார்த்து டிரிகரை மட்டும் அழுத்திப் பழகுவது. போட்டி ரைபிள்களில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. குண்டில்லாமல் அடித்தால் பிஸ்டன் சீல் போய்விடும். மாநிலப் போட்டிக்குக் கிளம்புவதற்கு முன் கிளப்பில் இருக்கும் எடைக்கல்லில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள், பிஸ்டல்காரர்கள் குறிப்பாக.