வரும் பருவத்தில் புயல் கரையேறும் இடத்தை முன்னறியக் கூடுமா?

மழையின்மையால் உண்டாகும் நஷ்டம் சிறுகச் சிறுக வருவது; புயலினால் உண்டாகும் நஷ்டமோ ஒரே இரவில் வருவது. பல வருஷங்கள் பாடுபட்டு வளர்த்த தோப்பு, பொழுது விடியுமுன் தரையோடு தரையாகக் கிடப்பதைக் கண்டவர்கள், இது முன்னமே தெரிந்திருக்கலாகாதா என்று ஏங்குவது இயல்பே. வருகிற பருவத்தில் எத்தனை புயல்கள் உண்டாகும், அவை எந்தக் கரையில் ஏறும் என்னும் இரண்டு கேள்விகளும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றன. முதற் கேள்விக்கு அங்கே ஓரளவு விடை கிடைத்திருக்கிறது, இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை. இதன் காரணத்தை அறிவது கரையோரத்தில் நிலம் வைத்திருப்போர் யாவருக்கும் பயன்படும்.

புயல் உண்டாகும் விதம்

அட்லாண்டிக் சமுத்திரத்தில் எழும் புயல்களில், காற்றின் வேகம் மணிக்கு 74 மைலும் அதற்கு மேலும் உள்ளவற்றை ஹரிக்கேன் என்பர். வேகம் 111 மைலும் அதற்கு மேலும் இருப்பின் அது பெரும் ஹரிக்கேன் எனப்படும். ஜூன் மாதம் 1-ந் தேதி முதல் நவம்பர் 30-ந் தேதி வரை இவற்றின் பருவம்; செப்டம்பர் 10-ந் தேதியை ஒட்டிய நாட்களே உச்சகாலம். 1991 முதல் 2020 வரையுள்ள முப்பது வருஷங்களின் சராசரிப்படி, ஒரு பருவத்தில் பெயரிடப்பட்ட புயல்கள் 14. அவற்றுள் ஹரிக்கேன்கள் 7. அவற்றிலும் பெரியவை 3.

புயல் வளர்வதற்குக் கடல் நீரின் உஷ்ணம் ஏறக்குறைய 80 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கு நோக்கி வரும் காற்றலைகள் பலவற்றுக்கு வித்தாகின்றன. ஆயினும், கீழ்க் காற்றும் மேற் காற்றும் வெவ்வேறு திசையில் அல்லது வெவ்வேறு வேகத்தில் வீசுமாயின், புயலின் தலை ஒருபுறமும் அடி ஒருபுறமுமாக இழுக்கப்பட்டு அது சிதைந்துபோகும்.

எண்ணிக்கையைக் கணிப்பது எங்ஙனம்?

பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பாகத்திலும் கீழ்ப்பாகத்திலும் பூமத்திய ரேகையை ஒட்டிய நீர் வழக்கத்துக்கு மிஞ்சிச் சூடாவதை எல் நினோ என்பர். அவ்வாறு சூடான வருஷங்களில் அட்லாண்டிக்கின் மேற் காற்று பலமாக வீசுவதால் புயல்கள் குறைகின்றன; அந்நீர் குளிர்ந்திருக்கும் வருஷங்களில் புயல்கள் மிகுகின்றன. இவ்வுறவை எடுத்துக் காட்டிய கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் கிரே என்பவர், 1984-ம் வருஷத்தில் பருவ முன்னறிவிப்பை முதன்முதல் வெளியிட்டார். 1998-ம் வருஷம் முதல் அந்நாட்டு அரசாங்கமும் அத்தகைய அறிக்கையை வெளியிட்டு வருகிறது. சமுத்திரத்தின் உஷ்ணம் மெதுவாக மாறும் இயல்புடையது. ஆகையால் வசந்தகாலத்தில் அதை அளந்தவர்கள் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களின் போக்கை ஊகிக்க இடமுண்டு.

இக்கணிப்பு பலிப்பதும் உண்டு, தவறுவதும் உண்டு. 2024-ம் வருஷத்துக்கு அப்பல்கலைக்கழகத்தார் ஏப்ரல் மாதத்தில் கூறிய ஹரிக்கேன்கள் 11, உண்டானவையும் 11. ஆனால் 2013-ம் வருஷத்துக்கு அவர்கள் கூறியவை 9, உண்டானவை இரண்டே.

இடத்தைக் கூற இயலாமைக்குக் காரணம்

புயல் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. ஆற்று வெள்ளத்தில் மிதக்கும் கட்டையைப்போல, சுற்றியுள்ள பெருங்காற்றோட்டமே அதனைக் கொண்டுசெல்கிறது. அட்லாண்டிக்கின் நடுவே பெர்முடாத் தீவை ஒட்டிக் காற்றழுத்தம் மிகுந்த ஒரு பெரும்பரப்பு உண்டு. அது மேற்கே நீண்டிருக்கும் நாட்களில் புயல்கள் அதன் தென்விளிம்பைச் சுற்றி பிளாரிடாவுக்கும் மெக்ஸிகோ வளைகுடாவுக்கும் வந்து சேருகின்றன. அது கிழக்கே ஒதுங்கியோ தளர்ந்தோ இருக்குமாயின், அவை வடக்கே திரும்பி, கரையைத் தொடாமலே கடலில் அழிகின்றன. இப்பரப்பின் இருப்பு சில நாட்களுக்கொருமுறை மாறும் தன்மையுடையது. சுமார் ஒரு வாரத்துக்கு அப்பால் அதனை நம்பத்தக்கவாறு கணிக்க இயலாது. நான்கு மாதங்களுக்குப் பின் இன்ன தேதியில் அது எங்கிருக்கும் என்று கூறுவது எவராலும் ஆகாது.

ஆகவே எண்ணிக்கை மிகுந்தால் சேதமும் மிகும் என்பது தனித்தனி ஊர்களைப் பொறுத்தவரை மெய்யன்று. 2010-ம் வருஷத்தில் 12 ஹரிக்கேன்கள் உண்டாயின. ஐக்கிய நாடுகளின் கரையில் ஒன்றேனும் ஹரிக்கேன் வேகத்தோடு ஏறவில்லை. 1992-ம் வருஷமோ மிக அமைதியான பருவம். பெயரிடப்பட்ட முதற் புயலே ஆகஸ்டு மாத நடுவில்தான் தோன்றிற்று. ஆண்ட்ரூ என்னும் அந்தப் புயல் ஆகஸ்டு 24-ந் தேதி தென் பிளாரிடாவில் ஏறி, ஹோம்ஸ்டெட் பகுதியிலிருந்த எலுமிச்சை, மா, வெண்ணெய்ப்பழத் தோப்புகளைப் பாழாக்கிற்று. பருவம் அமைதியானது என்னும் செய்தியால் அந்தத் தோட்டக்காரர்களுக்கு யாதொரு பயனும் விளையவில்லை.

நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு

இக்காரணம்பற்றி அறிஞர்கள் இடத்தைக் கூறாமல் வாய்ப்பின் அளவை மட்டுமே கூறுகின்றனர். 1880 முதல் 2020 வரையுள்ள பதிவுகளின்படி, ஐக்கிய நாடுகளின் பெருநிலக் கரை முழுவதிலும் எங்கேனும் ஓரிடத்தில் ஒரு பெரும் ஹரிக்கேனாவது ஏறும் வாய்ப்பு வருஷத்துக்கு நூற்றுக்கு 43. புயல் மிகும் என்று எதிர்பார்க்கப்பட்ட 2024-ம் வருஷத்துக்கு அது 62 என ஏப்ரலில் கணிக்கப்பட்டது. கரையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே எண்கள் தரப்படுகின்றன எனினும், அவை பழைய சரித்திரத்தைப் பருவத்தின் வலிமைக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் எழுதியவையே. இந்தப் பகுதிக்கு இவ்வருஷம் புயல் வரும் என்பது அவற்றின் பொருளன்று.

இத்தனை வருஷத்துக்கு ஒரு முறை என்னும் சொல்லும் பலரை மயக்குகிறது. இருபது வருஷத்துக்கு ஒரு முறை என்றால், ஒரு தரம் அடித்தபின் பத்தொன்பது வருஷம் அச்சமில்லை என்பதன்று. ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கு ஐந்து பங்கு வாய்ப்பு உண்டென்பதே. லூயிஸியானாவில் 2020-ம் வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி லாரா என்னும் புயல் ஏறிற்று. ஆறே வாரங்களில், அக்டோபர் 9-ந் தேதி, டெல்டா என்னும் புயல் அதற்கு மிக அருகிலேயே ஏறிற்று. இதற்கு மாறாக, 2005-ம் வருஷ அக்டோபர் முதல் 2017-ம் வருஷ ஆகஸ்டு வரை ஏறக்குறைய பன்னிரண்டு வருஷங்கள் அந்நாட்டின் பெருநிலக் கரையில் பெரும் ஹரிக்கேன் ஒன்றும் ஏறவில்லை.

மரப்பயிர் இடுவோர் இக்கணக்கை நீட்டிப் பார்த்தல் வேண்டும். ஒரு தோப்பின் ஆயுள் முப்பது வருஷம் என்றும், புயல் தாக்கும் வாய்ப்பு வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து என்றும் கொண்டால், அவ்வாயுளுக்குள் ஒரு முறையேனும் அத்தோப்பு புயலைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 79 ஆகும். இவ்வருஷம் வருமா என்பதைவிட, தோப்பின் ஆயுளில் வரும் என்று கொண்டு ஏற்பாடு செய்வதே விவேகம்.

புயல் உருவான பின்பு

புயல் உருவாகிவிட்டபின் அதன் வழியைக் கூறுவதில் பெரும் முன்னேற்றம் ஏற்பட்டிருக்கிறது. மூன்று நாட்களுக்கு முன் கூறப்படும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள தூரம் 1990-ம் வருஷத்தை ஒட்டி ஏறக்குறைய 300 மைலாக இருந்தது. சமீப வருஷங்களில் சுமார் 100 மைலாகக் குறைந்துள்ளது. எனினும் படத்தில் கூம்பு வடிவாகக் காட்டப்படும் எல்லைக்குள் புயலின் மையம் செல்வது மூன்றில் இரண்டு பங்கு சமயங்களிலேயே ஆகும். கூம்புக்கு வெளியே உள்ளவர்கள் கவலையற்று இருத்தல் தகாது.

கரையேறும் இடம் ஒன்றே ஆபத்தான இடமும் அன்று. 2018-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி பிளாரிடாவில் ஏறிய மைக்கேல் என்னும் புயல், உள்நாட்டில் ஜார்ஜியாவில் வெடித்து நின்ற பருத்தியையும், காய்த்திருந்த பீக்கான் கொட்டை மரங்களையும் அழித்தது. 2024-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி பிளாரிடாவில் ஏறிய ஹெலீன் என்னும் புயலின் மழையால், கரையேறிய இடத்துக்கு 300 மைலுக்கு அப்பால் வட கரோலினாவின் மலைப்பகுதியில் பெருவெள்ளம் உண்டாகிப் பல உயிர்கள் மாண்டன.

விவசாயிகள் அறியத்தக்கது

வங்காள விரிகுடாவில் எழும் புயல்களும் இதே இனத்தைச் சேர்ந்தவை. அவற்றையும் மேற் காற்றோட்டமே நடத்திச் செல்கிறது. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரணியத்துக்கு அருகே ஏறிய கஜா புயல், கரையோர ஜில்லாக்களில் எண்ணற்ற தென்னைகளைச் சாய்த்ததை விவசாயிகள் மறந்திரார். எனவே பருவத் தொடக்கத்தில் வரும் அறிக்கை மிகுதியாயினும் குறைவாயினும், செய்யவேண்டிய வேலைகள் ஒன்றே. வடிகால்களைத் தூர் எடுத்தல், காற்றுத் தடுப்பு மரவரிசை அமைத்தல், இன்ஷியூரன்ஸ் தவணையைக் காலத்தில் கட்டுதல், மரங்களின் எண்ணிக்கையையும் வயதையும் கணக்கில் பதிந்து வைத்தல் ஆகியவற்றைப் பருவத்துக்கு முன்னரே முடித்தல் வேண்டும். முதிர்ந்த காய்களை இறக்குதல், விளைந்த கதிரை அறுத்துச் சேர்த்தல், கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டுதல் ஆகியவற்றைப் புயல் உருவானதாகச் செய்தி வந்த அன்றே தொடங்கலாம். கிராம அதிகாரிகள், தங்கள் ஊரின் பெயர் அறிவிப்பில் வரும்வரை காத்திராமல், அண்டையூரின் பெயர் வந்த உடனே ஜனங்களை எச்சரித்தல் நலம். புயல் ஏறும் இடத்தைப் பருவத்துக்கு முன் அறிய இயலாது. அது எங்கே ஏறினும் இழப்பைக் குறைத்துக்கொள்ளும் வழிகளோ முன்னமே தெரிந்தவை.