மாரடைப்புக்குப் பிறகு உடற்பயிற்சி செய்யலாமா? ஜெர்மனியின் 'இதயக் குழுக்கள்' காட்டும் வழி

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தாச்சு. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பட்டியல் இருக்கிறது, அடுத்த செக்-அப் தேதியும் இருக்கிறது. ஆனால், வீட்டில் தினமும் எழும் கேள்விகளுக்கு அதில் பதில் இருப்பதில்லை. மாடிப்படி ஏறலாமா? மார்க்கெட் வரை நடக்கலாமா? கொஞ்சம் வேகமாக நடந்து நெஞ்சு படபடத்தால், அது சாதாரணமா, ஆபத்தா?

"அப்பா, நீங்க அசையாதீங்க. எது வேணும்னாலும் நாங்க எடுத்துத் தர்றோம்." அன்போடு சொல்லப்படும் இந்த வார்த்தைதான் பல இதய நோயாளிகளை நாற்காலியோடு கட்டிப்போட்டு விடுகிறது.

இந்தச் சிக்கலுக்கு ஜெர்மனி 60 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு எளிய வழியைக் கண்டுபிடித்தது. இதய நோயாளிகள் அவரவர் ஊரிலேயே வாரம் ஒருமுறை கூடி, பயிற்சியாளர் மேற்பார்வையில் சேர்ந்து உடற்பயிற்சி செய்வது. அதற்குப் பெயர் 'இதயக் குழு'. இன்று அந்த நாட்டில் சுமார் 6,000 குழுக்கள் இயங்குகின்றன. அங்கே என்ன நடக்கிறது? நமக்கு அதில் என்ன பாடம் இருக்கிறது?

'அசையக் கூடாது' என்ற பயம் எங்கிருந்து வந்தது?

இந்த பயத்தை ஒரு காலத்தில் டாக்டர்களே சொல்லிக் கொடுத்தார்கள். 1950-கள் வரை மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பதுதான் வழக்கம். காயம்பட்ட இதயம் ஆற முழு ஓய்வு வேண்டும் என்று நம்பினார்கள்.

1952-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் இதை மாற்றிப் பார்த்தார்கள். நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இன்று கேட்டால் சாதாரணமாகத் தெரியும். அன்று அது பெரிய துணிச்சல். படுத்தே இருந்தவர்களைவிட உட்கார வைக்கப்பட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள்.

அடுத்த ஆண்டு, 1953-ல், லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற ஆய்வாளர் இன்னொரு முக்கியமான விஷயத்தை வெளியிட்டார். லண்டனின் டபுள் டெக்கர் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பேருந்து, ஒரே நேரம். பெரிய வித்தியாசம், உடல் அசைவுதான்.

படுக்கை எவ்வளவு மோசம் என்பதை 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. 20 வயது ஆரோக்கியமான இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையில் வைத்தார்கள். அவர்கள் உடலின் உழைப்புத் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே 5 பேரை மறுபடியும் சோதித்தார்கள். அப்போதுதான் ஆச்சரியம் தெரிந்தது. 30 ஆண்டு முதுமை செய்த பாதிப்பைவிட, அந்த 3 வாரப் படுக்கை செய்த பாதிப்பு அதிகம்!

முதல் குழு எங்கே தொடங்கியது?

ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகருக்கு அருகே ஷோர்ன்டார்ஃப் என்ற சிறு நகரம் இருக்கிறது. 1965-ல் அங்கேதான் அந்த நாட்டின் முதல் இதயக் குழு தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்கு வெளியே, நோயாளிகள் ஒன்றாகக் கூடிப் பயிற்சி செய்வது அன்று புதுசு. பிறகு ஊர் ஊராக விளையாட்டுச் சங்கங்கள் இதைக் கையில் எடுத்தன.

இன்று அங்கே நடைமுறை இப்படி: மாரடைப்பு அல்லது பைபாஸுக்குப் பிறகு நோயாளி பொதுவாக 3 வாரம் மறுவாழ்வு மையத்துக்குப் போகிறார். அது முடிந்து வீடு திரும்பியதும், மாத்திரை எழுதுவது போலவே, டாக்டர் இதயக் குழுப் பயிற்சியையும் எழுதித் தரலாம். வழக்கமாக 2 ஆண்டுகளில் 90 வகுப்புகள். செலவை அரசு சட்டப்படியான மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. 90 வகுப்பு முடிந்த பிறகும் பலர் சங்கத்தில் உறுப்பினராகிச் சொந்தச் செலவில் தொடர்கிறார்கள்.

ஒரு வகுப்பில் என்ன நடக்கும்?

ஜிம் மாதிரி இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கம். ஒரு குழுவில் அதிகபட்சம் 20 பேர் வரை. இதய நோயாளிகளுக்கென்று தனிப் பயிற்சி பெற்ற பயிற்சியாளர் வகுப்பை நடத்துவார். அவசர மருந்துப் பையும், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவியும் தயாராக இருக்கும்.

முதலில் நாடித்துடிப்பு பார்ப்பார்கள். "இந்த வாரம் எப்படி இருந்தீங்க? மாத்திரை ஏதாவது மாறிச்சா?" என்ற விசாரிப்பும் உண்டு. ஏதாவது சரியில்லை என்றால் அன்று உட்கார்ந்து பார்க்க மட்டும்தான் அனுமதி.

அடுத்தது வார்ம்-அப். இதை அவசரப்படுத்த மாட்டார்கள். மெதுவாகச் சூடேறும்போது இதயத் தமனிகள் விரிய நேரம் கிடைக்கிறது. திடீரென்று வேகமெடுத்தால் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி வரலாம்.

பிறகு முக்கியப் பகுதி: நடை, லேசான எடை, கை கால் அசைவுகள், சமநிலைப் பயிற்சி, பந்து விளையாட்டு. விளையாட்டில் போட்டி கிடையாது. ஜெயிக்க வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டால் 65 வயதுக்காரரும் தன் வரம்பை மறந்துவிடுவார். அதனால் விதிகளையே மாற்றி விளையாடுகிறார்கள். எடை தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பதும் கண்டிப்பான விதி. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும்.

கடைசியில் கூல்-டவுன். வேகமாக நடந்துவிட்டுப் பட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் குறைந்து மயக்கம் வரலாம். இதயத் துடிப்பும் தடுமாறலாம். அதனால்தான் படிப்படியாக வேகத்தைக் குறைத்து முடிக்கிறார்கள்.

எவ்வளவு கஷ்டப்படலாம்? பேசிப் பார்த்தாலே தெரியும்

ஆரோக்கியமானவர்கள் நாடித்துடிப்பை வைத்துப் பயிற்சியின் அளவைத் தீர்மானிக்கலாம். ஆனால், இதய நோயாளிகளில் பலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும். வாட்ச்சில் 95 என்று காட்டும்போதே உடல் களைத்துப் போயிருக்கலாம்.

அதற்கு ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல் உதவுகிறது. அது 6-ல் தொடங்கி 20-ல் முடியும். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. இதய நோயாளிகளுக்குப் பொதுவாக 11 முதல் 13 வரை, அதாவது 'லேசு' என்பதிலிருந்து 'கொஞ்சம் கஷ்டம்' என்பது வரை.

எண் நினைவில் இல்லையா? பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான அளவு. பாட்டே பாட முடிந்தால் ரொம்ப லேசு. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஆபத்து இல்லையா?

ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், முறையாகச் செய்தால் மிகக் குறைவு. பிரான்ஸில் 65 மறுவாழ்வு மையங்களில் சுமார் 25,000 நோயாளிகளைக் கண்காணித்த ஆய்வு 2006-ல் வெளியானது. மேற்பார்வையில் நடந்த பயிற்சியில், சுமார் 50,000 நோயாளி-மணி நேரத்துக்கு ஒரு இதயப் பிரச்னைதான் பதிவானது.

மறுபக்கம் பலனைப் பாருங்கள். 85 ஆய்வுகள், 23,000-க்கும் அதிகமான நோயாளிகளின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்ததில், உடற்பயிற்சி அடிப்படையிலான மறுவாழ்வில் சேர்ந்தவர்களுக்கு இதய நோயால் ஏற்படும் மரணம் சுமார் கால் பங்கு குறைந்திருந்தது. மீண்டும் மாரடைப்பு வருவதும், மருத்துவமனையில் சேருவதும் குறைந்தன.

காரணம் இதுதான். ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பைத் திறக்கிறது. ஆனால், நோய் மற்ற ரத்தக் குழாய்களிலும் இருக்கலாம். உடற்பயிற்சி ரத்தக் குழாய்களின் உட்சுவரை நன்றாக இயங்க வைக்கிறது, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்த உதவுகிறது. தசைகள் ஆக்ஸிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன. முன்பு படியேற இதயம் பட்ட பாட்டை இப்போது படத் தேவையில்லை.

தனியாக வாக்கிங் போனால் போதாதா?

போதும், போகிறவர்களுக்கு! பிரச்னை என்னவென்றால், முதல் மாதம் ஒழுங்காக நடந்தவர்களே நான்காவது மாதம் நிறுத்திவிடுகிறார்கள். உடற்பயிற்சியின் பலன் சேமித்து வைக்கக் கூடியது இல்லை. நிறுத்தினால் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும்.

குழுவின் பலம் இங்கேதான். வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்க ஆள் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவரும் அதே ஆபரேஷன் செய்தவர். 8 ஆண்டுக்கு முன் பைபாஸ் செய்தவர் பந்து எறிவதை நேரில் பார்ப்பது, டாக்டர் நூறு முறை சொல்வதைவிட அதிக தைரியம் தரும். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம். வீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம்.

குறைகளும் உண்டு

குழுக்களில் டாக்டர் நேரில் இருக்க வேண்டும் என்பது ஜெர்மனியில் நீண்டகால விதி. மாலை நேரத்தில் அதற்கு டாக்டர்கள் கிடைப்பது கஷ்டமாகி, பல ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் உருவானது. அதனால் 2022 முதல் விதிகள் தளர்த்தப்பட்டு, வேறு அவசர ஏற்பாடுகளுக்கும் இடம் தரப்பட்டுள்ளது.

இன்னொரு குறை, உலகம் முழுக்க உள்ளது: பெண்கள் குறைவாகவே வருகிறார்கள். டாக்டர்கள் அவர்களைப் பரிந்துரைப்பதும் குறைவு. "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்ற பேச்சும் ஒரு தடை. வீட்டு வேலையில் வார்ம்-அப், கூல்-டவுன் கிடையாது. மூச்சு வாங்கினால் நிறுத்தச் சொல்ல ஆளும் கிடையாது.

இந்தியாவில் என்ன நிலை?

நம் நாட்டில் இதய மறுவாழ்வு பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடுகிறது. குறைந்த செலவில் ஒரு வழி தேடி, 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் யோகா அடிப்படையிலான மறுவாழ்வுத் திட்டம் பரிசோதிக்கப்பட்டது. முடிவுகள் 2020-ல் வெளியாகின. யோகா குழுவினர் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாகக் கூறினர். பழைய வேலைகளுக்கும் நன்றாகத் திரும்பினர். ஆனால், மரணமோ மறு மாரடைப்போ குறைந்தது என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரிய இயந்திரங்கள் இல்லாமலும் தொடங்கலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* டாக்டர் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. ட்ரெட்மில் டெஸ்ட், எக்கோ தேவையா என்று கேளுங்கள்.

* ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், தீவிர வால்வு அடைப்பு, காய்ச்சல், திடீர் கால் வீக்கம் இருந்தால் பயிற்சி வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

* பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு சேரப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை எடை தூக்கக் கூடாது.

* நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால் அது எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

* நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், தாறுமாறான துடிப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். உட்கார்ந்தும் குறையாவிட்டால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்த செக்-அப்பில் மாத்திரை பற்றிக் கேட்கும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "டாக்டர், நான் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நடக்கலாம்?" பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். "அசையாதீங்க" என்று சொல்லும் மகனையோ மகளையோ கூடவே அழைத்துப் போய், அந்தப் பதிலைக் கேட்க வையுங்கள்.