வயதான பெற்றோருக்கு உதவி எங்கே கிடைக்கும்?

விடிந்தால் தறிக்கும் காட்டுக்கும் கிளம்பும் தம்பதியரே! வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்து எத்தனை நாளாச்சு? "தலைசுத்தல் நின்னு போச்சு, இனி எதுக்குங்க" என்று பெரியவர்கள் தாங்களே நிறுத்திவிடுவதுண்டு. கொதிப்போ வெளியே தெரியாமல் ஏறும். ஒருநாள் கைகால் இழுத்துக்கொள்ளும், அப்புறம் படுக்கைதான்.

கூட்டிப்போக ஆளில்லையே என்று கலங்க வேண்டாம். 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பக்கவாதம் வந்தவருக்குப் பயிற்சியும், படுத்த படுக்கையானவருக்கு வலி தணிக்கும் கவனிப்பும் உண்டு. பழைய மருந்துச் சீட்டோடு துணை சுகாதார நிலைய நர்சம்மாவைப் பார்த்துப் பெயரைப் பதியுங்கள்.

முதியோர் இல்லம் பற்றிக் கேட்க 14567-க்குப் பேசலாம், காசு கிடையாது.

"அண்ணன் பாக்கட்டும், தம்பி பாக்கட்டும்" என்று தட்டிக்கழிப்பதும் நம் பக்கம் நடக்கிறது. கைவிடப்பட்ட பெற்றோர் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்டு சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற ஊர்களிலுள்ள வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மகனுக்கு உள்ள கடமை மகளுக்கும் உண்டு. வக்கீல் வேண்டியதில்லை.