'அப்நார்மல்' என்று வந்த கருவை உடனே அழித்துவிட வேண்டுமா?

ஐவிஎஃப் சிகிச்சையில் லேபில் வளரும் கருவைத் தொடக்கூட வேண்டாம், அது வளரும் திரவத்தில் கசிந்திருக்கும் டிஎன்ஏவைச் சோதித்தே குரோமோசோம் குறை உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். 2019 மே மாதம் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் ஐவிஎஃப் நிறுவனம் இப்படியொரு பரிசோதனையைக் கொண்டுவந்தபோது யாருக்குத்தான் ஆசை வராது? 2020 அக்டோபரில் அதை நிறுத்திவைத்தார்கள். முடிவுகள் நினைத்த அளவு துல்லியமாக இல்லை. குறையுள்ளவை என்று ஒதுக்கிய கருக்களில் நல்லவையும் இருந்திருக்கலாம் என்று தெரியவந்தது. 700க்கும் மேற்பட்டோர் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 2024இல், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 5.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் தந்து சமரசத்துக்கு வந்தது நிறுவனம். அழிந்துபோன கருக்களுக்கு அது ஈடாகுமா என்பது வேறு விஷயம்.

கருத்தரிப்பு மையங்களில் 'பிஜிடி-ஏ' என்ற பெயரில் வழக்கமாகச் செய்யப்படுவது வேறு முறை. ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில், நூறு செல்லுக்கு மேல் வளர்ந்துவிட்ட கருவின் வெளிச்சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து செல்களை லேசர் உதவியோடு கிள்ளியெடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். ரிப்போர்ட் வரும்வரை கரு உறைநிலையில் காத்திருக்கும். வெளிச்சுவர் பின்னாளில் நச்சுக்கொடியாக வேண்டிய பகுதி. குழந்தையாக வேண்டிய செல்கூட்டம் உள்ளே இருக்கிறது; அதை யாரும் தொடுவதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு இங்கே எடுபடாது. ஒரே கருவில் சில செல்கள் சரியாகவும் சில குறையோடும் இருப்பது உண்டு. இத்தகைய கருவை 'மொசைக்' என்கிறார்கள்.

குறையுள்ள செல்களின் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் நார்மல், 80க்கு மேலே என்றால் அப்நார்மல், நடுவில் இருப்பதெல்லாம் மொசைக் என்று பல லேப்கள் கோடு கிழிக்கின்றன. அந்தக் கோடு எல்லா லேபிலும் ஒரே இடத்தில் இல்லை. இங்கே மொசைக் என்று வரும் கரு இன்னோரிடத்தில் அப்நார்மல் ஆகிவிடலாம். 2015இல் வெளியான இத்தாலிய மருத்துவர்களின் ஆய்வில், வைக்க வேறு நல்ல கரு இல்லாத 18 பெண்களுக்கு மொசைக் கருக்களையே வைத்தார்கள். ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன.

சரி, சோதனை செய்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பாவது கூடுகிறதா? சீனாவில் 1,212 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. சோதித்த பிரிவில் 77.2 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. சோதிக்காத பிரிவில் 81.8 சதவீதம். அவர்கள் 20 முதல் 37 வயதுக்குட்பட்டவர்கள், நல்ல கருக்கள் கையில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதே ஆய்வில் கருச்சிதைவு, சோதித்தவர்களிடம் 8.7 சதவீதம், மற்றவர்களிடம் 12.6 சதவீதம். பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சை ஒழுங்குமுறை ஆணையம் இதே சோதனைக்கு, கருச்சிதைவைக் குறைப்பதில் பச்சை மதிப்பீடும், பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை வாய்ப்பைக் கூட்டுவதில் சிவப்பு மதிப்பீடும் தந்திருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. சோதனை எந்தக் கருவையும் சரிசெய்வதில்லை, இருப்பதில் எதை முதலில் வைக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. பத்துக் கரு உள்ளவருக்கு ஒன்றைத் தவறாக ஒதுக்கினால் பெரிய பாதகம் இல்லை. நாற்பதை நெருங்கி, கையில் இரண்டே கரு உள்ளவருக்கோ அது பாதி நம்பிக்கை.

பெற்றோர் இருவருமே தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் கதை வேறு. ஒவ்வொரு கருவிலும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தேடவேண்டிய கோளாறு எது என்பது முன்பே தெரியும். அதற்கான 'பிஜிடி-எம்' சோதனை கூடுதல் நம்பகமானது. ஆனாலும் கர்ப்பம் தரித்தபின் நச்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்து உறுதிசெய்துகொள்ளச் சொல்வதுதான் நல்ல மருத்துவம்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், கருவை மரபணுச் சோதனைக்கு உட்படுத்துவது நோய்களைக் கண்டறிய மட்டுமே என்கிறது. ஆணா பெண்ணா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க உதவினால் ஐந்து முதல் பத்தாண்டு சிறை, அல்லது 10 முதல் 25 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. செலவு, வெற்றி வாய்ப்பு, ஆபத்து ஆகியவற்றை விளக்கிச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்குவது மையத்தின் கடமை. கருவைக் கருப்பையில் வைக்கும்வரை அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். உறைநிலையில் பத்தாண்டு வரை வைத்திருக்கவும் சட்டம் இடம் தருகிறது.

ஊசி போட்டுப் போட்டுக் களைத்திருக்கும் நேரத்தில், பில் கவுன்ட்டர் ஓரம் நின்று கையெழுத்திடும் படிவத்தில், அப்நார்மல் கருவை அழிக்கச் சம்மதம் என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது அவசியம். இருந்தால், எங்களைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்று அதே தாளில் எழுதித் தரலாம். மொசைக் என்றால் எத்தனை சதவீதம், எந்தக் குரோமோசோம், இந்த லேபின் கோடு எங்கே என்று கேட்டுவிட்டு, மரபியல் ஆலோசகரிடம் ரிப்போர்ட்டைக் காட்டியபின் முடிவெடுக்கலாம். முதல் ஐவிஎஃப் முயற்சியில் இருக்கும் முப்பது வயதுக்காரரிடம் இந்தச் சோதனையைக் கட்டாயம் என்று சொன்னால், ஏன் என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

சிக்கல் வந்தால் முதல் படி, அந்த மையத்தின் குறைதீர்ப் பிரிவு. ஒவ்வொரு மையத்திலும் அது இருந்தாக வேண்டும் என்பது சட்டம். விளக்காமல் ஒப்புதல் வாங்கியது, கேட்காமல் கருவை அழித்தது போன்றவற்றுக்கு நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். கட்டண மருத்துவச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும் திருநெல்வேலிக்காரர் தம் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. புகார் கொடுக்கும் முன்னால் எழுத்தில் விண்ணப்பித்து மருத்துவ ஆவணங்களின் நகலை வாங்கிவிட வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் அதைக் கொடுத்தாக வேண்டும்.