தண்ணி ஏறினா ஜெனரேட்டர் ஓடுமா? மாங்காடு டீக்கடையில் கிளம்பிய கேள்வி!

மாங்காடு:

வானம் இருட்டினால் மாங்காட்டுக்காரர்கள் குடையைத் தேடுவதில்லை. வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றுகிறார்கள்!

மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையைப் பலகை மேல் அடுக்குகிறார். குடித்தனக்காரர் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி மேஜை மேல் வைக்கிறார். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் பட்ட பாடு அப்படி. முழங்கால் தண்ணீரில் நின்றவனுக்குத்தான் ஒரு அடி உயரத்தின் அருமை தெரியும்.

காமாட்சி அம்மன் கோயில் பக்கத்து டீக்கடையில் ஒரு மழை நாளில் பேச்சு செம்பரம்பாக்கம் ஏரியில் ஆரம்பித்தது. சுனாமிக்குத் தாவியது. கடைசியில் கல்பாக்கத்தில் போய் நின்றது.

எலுமிச்சம்பழம் விற்கும் ஒருவர் கேட்டார்: "ஏன் சார், நாங்க பேட்டரியை மேஜை மேல வைக்கிறோம். அணுமின் நிலையத்துல ஜெனரேட்டரை எங்கே வெச்சிருக்காங்க?"

பூந்தமல்லி பஸ்சுக்குக் காத்திருந்த குமாஸ்தா சிரித்தார்: "அதெல்லாம் படிச்சவங்க பார்த்துக்குவாங்கய்யா."

"ஜப்பான்காரன் மட்டும் படிக்காதவனா?"

குமாஸ்தா வாயடைத்துப் போனார். நிருபரும்தான்!

விளையாட்டுக் கேள்வி அல்ல இது. அணு உலை விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

ஜப்பானில் நடந்தது என்ன?

2011 மார்ச் 11. ஜப்பானில் பயங்கர பூகம்பம். அளவு 9.0. புகுஷிமா அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. அதுவரை எல்லாம் சரி.

ஆனால் உலை நின்றாலும் சூடு நிற்காது. அடுப்பை அணைத்தால் இட்லிப் பானை ஆறிவிடும். அணு எரிபொருள் அப்படி இல்லை. உள்ளுக்குள் தானே சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நாள் கணக்கில் தண்ணீர் ஓட்டிக் குளிர வைக்க வேண்டும். தண்ணீர் ஓட்ட பம்பு வேண்டும். பம்புக்குக் கரண்ட் வேண்டும்.

பூகம்பத்தில் வெளிக் கரண்ட் போய்விட்டது. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரத்துக்குப் பின் சுனாமி வந்தது. அந்த நிலையத்தார் போட்ட கணக்கு 5.7 மீட்டர் அலை. வந்ததோ சுமார் 14 மீட்டர்! கீழ்த்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்கள் மூழ்கின. 3 உலைகள் உள்ளே உருகின. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.

அதே நிலையத்தில் தண்ணீருக்குத் தப்பிய ஒரே ஒரு ஜெனரேட்டர் 5-வது, 6-வது உலைகளைக் காப்பாற்றியது.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஒனகாவா என்ற அணுமின் நிலையம் பூகம்பம் கிளம்பிய இடத்துக்கு இன்னும் கிட்டே இருந்தது. அதைக் கட்டியவர்கள் 14 மீட்டருக்கு மேல் மேடு தேடிக் கட்டியிருந்தார்கள். அது பிழைத்தது. வீடு இழந்த ஜனங்கள் அந்த நிலையத்துக்குள்ளேயே அடைக்கலம் புகுந்தார்கள்!

எலுமிச்சம்பழக்காரர் கேட்டது சரியா, தப்பா?

கல்பாக்கத்தில் என்ன ஆச்சு?

நம் கதைக்கு வருவோம். மாங்காட்டிலிருந்து கல்பாக்கம் 50 கிலோமீட்டருக்கு மேல். புகுஷிமா விபத்தின்போது அமெரிக்கா தன் நாட்டவரை 80 கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொன்னது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கல்பாக்கத்தில் 2-வது உலை ஓடிக்கொண்டிருந்தது. சுனாமித் தண்ணீர் கடல் நீர் பம்பு இருக்கும் இடத்தில் ஏறியது. பணியில் இருந்தவர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். வெளியிலிருந்து வந்த மின்சாரம் அறுந்து போகவில்லை. கதிர்வீச்சு ஆபத்து ஏற்படவில்லை. பக்கத்தில் புதிய ஈனுலைக்குத் தோண்டிய பள்ளத்தில் மட்டும் கடல் புகுந்தது.

உலை தப்பியது. ஆனால் ஊழியர் குடியிருப்பு தப்பவில்லை. அங்கேயும் சுற்றியுள்ள குப்பங்களிலும் உயிர்ச்சேதம். அலை வருகிறது என்று அவர்களுக்குச் சொல்ல அன்று ஏற்பாடு இல்லை.

கூடங்குளத்தில் கொதித்தது ஏன்?

திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளத்தில் அணு உலை கட்ட 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்ப்பசேவும் ஒப்பந்தம் போட்டார்கள். 2011-ல் முதல் உலை தயாராகும் நேரம். புகுஷிமாவைக் கண்ணால் டி.வி.யில் பார்த்த ஜனங்கள். அதிலும் 2004 சுனாமியில் வீடு இழந்தவர்களுக்குக் கட்டிய காலனி, நிலையத்துக்குக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்! சோதனை ஓட்டத்தின் சத்தம் கேட்டதும் அடிவயிறு கலங்கியது. இடிந்தகரை மாதா கோயில் முன் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

2011 செப்டம்பரில் ஜெயலலிதா அமைச்சரவை, ஜனங்கள் பயம் தீரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. நவம்பரில் அப்துல் கலாம் நேரில் பார்த்து, பாதுகாப்பாக இருக்கிறது என்றார். 2012 மார்ச்சில் அரசு பச்சைக்கொடி காட்டியது. செப்டம்பரில் போலீஸ் தடியடி, கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் பலி. ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்கு.

இந்தப் பக்கம் என்ன நிலைமை? அதே 2012-ல் சென்னைக்கே தினம் 2 மணி நேரம் மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் பாதி நாள் இருட்டு. அம்பத்தூரில் லேத் பட்டறைக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். "உலையைத் திற" என்று இங்கே குரல். "உலையை மூடு" என்று அங்கே குரல். இரண்டும் வயிற்றுப்பாட்டுக் குரல்தான்.

2013 மே 6-ல் சுப்ரீம் கோர்ட் 15 நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. அக்டோபரில் மின்சாரம் வந்தது.

பதில் இருக்கிறது!

எலுமிச்சம்பழக்காரர் கேள்விக்குப் பதில் உண்டு. கூடங்குளத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று போட்ட கணக்கு, கடல் மட்டத்திலிருந்து 5.44 மீட்டர். டீசல் ஜெனரேட்டர்கள் இருப்பது சுமார் 9.3 மீட்டரில். கரண்டே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தால் சூட்டை வெளியேற்றும் ஏற்பாடும் உண்டு.

இந்தக் கணக்கை ஊர் ஊராகப் போய், டீக்கடை பாஷையில், முதல் நாளே சொல்லியிருந்தால்? எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. 5.7 என்று போட்ட கணக்கு ஜப்பானில் 14 ஆனதே என்று கேட்டிருப்பார்கள். கேட்கட்டுமே! அதற்கும் பதில் சொல்ல வேண்டியது அதிகாரிகள் கடமை. "பயப்படாதீர்கள்" என்பது பதில் அல்ல.

மாங்காட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கனஅடி திறந்தார்கள். அடையாற்றங்கரையில் எத்தனையோ வீடுகளுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் செய்தி வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டருக்குள் வெள்ளம் புகுந்து மின்சாரம் நின்றது. அந்த நாட்களில் அங்கே 18 நோயாளிகள் இறந்தார்கள். காரணம் பற்றிச் சர்ச்சை உண்டு. ஜெனரேட்டரைத் தண்ணீர் தொட்டது என்பதில் சர்ச்சை இல்லை.

அணுமின் நிலையங்களைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அபாயச் சங்கு எப்படி ஒலிக்கும், பஸ் எங்கே நிற்கும், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துப் போவார்கள் - இதெல்லாம் ஃபைலில் இருந்தால் போதாது. அங்கே குடியிருக்கும் கடைசி வீட்டு அம்மாவுக்கும் மனப்பாடம் ஆக வேண்டும்.

டீக்கடையில் பேச்சு முடிந்தது. பஸ் வந்தது. குமாஸ்தா ஏறும்போது திரும்பிச் சொன்னார்: "எங்க ஆபீஸ் ஜெனரேட்டர் தரையிலதான் இருக்கு. நாளைக்கே மேனேஜர் கிட்ட சொல்றேன்."

எலுமிச்சம்பழக்காரர் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார். கூடையைத் தூக்கி மேல்படியில் வைத்தார்.