போப் லியோ பிறந்த மருத்துவமனை ஒரு டாலருக்கு கைமாறியது ஏன்? சிகாகோ கத்தோலிக்க நிறுவனங்களின் கதை

2025 மே 8-ம் தேதி வாடிகனில் வெண்புகை வந்ததும் சிகாகோவில் கொண்டாட்டம். அமெரிக்காவில் பிறந்த முதல் போப் 14-ம் லியோ அந்த ஊர்க்காரர். ஆனால் அவர் பிறந்த மெர்சி மருத்துவமனை இன்று கத்தோலிக்க சபையின் கையில் இல்லை. சின்ன வயதில் அவர் போன செயின்ட் மேரி சர்ச்சும் பூட்டிக் கிடக்கிறது. என்னதான் ஆச்சு?

யார் கட்டினார்கள்?

சிகாகோ 1843-ல் தனி மறைமாவட்டம் ஆனது. அயர்லாந்து, ஜெர்மனி, போலந்து, இத்தாலியில் இருந்து பிழைக்க வந்தவர்களே இங்கே பெரும்பாலான கத்தோலிக்கர்கள். பூசை எல்லாருக்கும் லத்தீன்தான். பிரசங்கமும் பாவசங்கீர்த்தனமும் தாய்மொழியில் வேண்டுமே? அதனால் மொழிக்கு ஒரு சர்ச், பக்கத்திலேயே ஒரு பள்ளி. 1852-ல் கன்னியாஸ்திரிகள் மெர்சி மருத்துவமனையைத் தொடங்கினார்கள். 1870-ல் இயேசு சபை தொடங்கிய கல்லூரிதான் இன்றைய லயோலா பல்கலைக்கழகம்.

எல்லாருக்கும் இடம் இருந்ததா?

இல்லை. அடிமையாகப் பிறந்த அகஸ்டஸ் டோல்டனை அமெரிக்காவில் எந்த குருமடமும் சேர்க்கவில்லை. ரோம் போய் 1886-ல் குருப்பட்டம் பெற்றார். பிறகு சிகாகோவில் கறுப்பின கத்தோலிக்கர்களுக்காக செயின்ட் மோனிகா சர்ச்சை நடத்தினார்.

95 உயிர்களைப் பறித்த தீ

1958 டிசம்பர் 1. அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் பள்ளியில் தீ. 92 மாணவர்கள், 3 கன்னியாஸ்திரிகள் பலி. பழைய கட்டடம் என்பதால் புதிய பாதுகாப்பு விதிகளில் இருந்து விலக்கு கொடுத்திருந்தார்கள். தீயணைக்கும் தண்ணீர் தெளிப்பான்களே இல்லை. இதன் பிறகுதான் அமெரிக்கா முழுக்க பள்ளிகளின் தீ பாதுகாப்பு விதிகள் கடுமையாகின.

ஏன் மூடுகிறார்கள்?

இந்த நிறுவனங்கள் ஓடியதே சொற்ப ஊதியத்துக்கு உழைத்த கன்னியாஸ்திரிகளால்தான். 1960-களுக்குப் பிறகு அவர்கள் எண்ணிக்கை சரிந்தது. சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டி வந்ததால் செலவு எகிறியது. குடும்பங்கள் புறநகருக்குப் போனதால் சர்ச்சுக்கு வரும் கூட்டமும் காணிக்கையும் குறைந்தன.

மெர்சிக்கு என்ன ஆனது?

நஷ்டம் தாங்காமல், கொரோனா உச்சத்தில் இருந்த 2020-ல் மெர்சியை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. அதை நம்பியிருந்தவர்களில் பெரும்பாலானோர் ஏழை, கறுப்பின மக்கள். எதிர்ப்பு வலுத்தது, மூட அனுமதிக்க முடியாது என்று மாநில வாரியம் மறுத்தது. கடைசியில் 2021-ல் இன்சைட் நிறுவனத்துக்கு பெயருக்கு ஒரு டாலர் விலையில் கொடுத்தார்கள். பெயர் மாறினாலும், அந்தப் பகுதி மக்களுக்கு மருத்துவமனை மிஞ்சியது.